ரோமச் சட்டத்தை வைத்து மத வரலாறு எழுதுகிறவர்கள் வழுக்கும் இடங்கள்

4, 5ஆம் நூற்றாண்டு ரோமப் பேரரசில் கிறிஸ்தவமும் அரசும் சேர்ந்த கதையை எழுதும் மாணவர்களிடம் ஆள் மாறினாலும் தவறு மாறுவதில்லை. பெயரில் எழுத்துப் பிழை, ஆண்டில் ஒன்றிரண்டு கூடக்குறைய என்பதெல்லாம் கிடக்கட்டும். திருத்திக்கொள்ளலாம்.

சட்டம் இருந்தால் நடந்துவிட்டது என்று எழுதுவது

"391இல் பேரரசர் தியோடோசியுஸ் பழைய தெய்வங்களின் கோயில்களை இடிக்க உத்தரவிட்டார்." எத்தனை முறை அடித்தாலும் இந்த வரி மறுபடி முளைக்கிறது. பேரரசர்களின் சட்டங்களைப் பின்னால் திரட்டிய தியோடோசியச் சட்டத்தொகுப்பின் 16ஆம் நூல், 10ஆம் தலைப்பைத் திறந்து பாருங்கள். 391 பிப்ரவரிச் சட்டம் அல்பினுஸ் என்ற அதிகாரிக்குப் போனது; ஜூன் சட்டம் எகிப்திலிருந்த எவாக்ரியுஸ், ரோமானுஸ் இருவருக்கு. பலியிடாதே, கோயிலுக்குள் போகாதே, மீறும் நீதிபதிக்கு 15 பவுண்டு தங்கம் அபராதம். இடிப்பதைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது. 382இல் வந்த ஒரு சட்டமோ, சிலைகளின் கலையழகுக்காக ஒரு கோயிலைத் திறந்தே வைக்கச் சொல்கிறது, பலி மட்டும் கூடாது என்று. சட்டமே இல்லாமல் கோயில் இடிந்ததும் உண்டு: 380களில் பழைய மதத்தைச் சேர்ந்த பேச்சாளர் லிபானியுஸ், கறுப்பு உடைத் துறவிகள் கல்லும் கடப்பாரையுமாகக் கோயில்கள்மீது பாய்வதாகப் பேரரசரிடமே முறையிடுகிறார்.

ஒவ்வொரு சட்டத்திலும் முதலில் தலைவரியைப் படியுங்கள்: யாருக்கு, என்ன பதவியில் இருந்தவருக்கு? பிறகு கடைசி வரி: அந்தத் தேதி பிறப்பித்த நாளா, கையில் கிடைத்த நாளா, ஊரில் ஒட்டிய நாளா? மூன்றுக்கும் நடுவே மாதக்கணக்கில் இடைவெளி விழும்.

இன்னொன்று, நாம் படிப்பது முழுச் சட்டம் அல்ல. 429இல் தொடங்கி 438இல் வெளியிட்ட தொகுப்புக்காக, நீண்ட முன்னுரைகளை வெட்டி, ஒரே சட்டத்தைத் துண்டாக்கிப் பல தலைப்புகளில் வைத்தார்கள். தேதியும் பிசகியது. தொகுப்புக்கு வெளியே தனியாகத் தப்பிய சிர்மோன்டியச் சட்டங்களில் 12ஆவது முழுசாகக் கிடைக்கிறது: 407 நவம்பர் 25இல் பிறப்பித்து, 408 ஜூன் 5இல் கார்த்தேஜில் ஒட்டியது. அதன் துண்டுகள் தொகுப்பில் 408 நவம்பர் 15 என்று நிற்கின்றன. தொகுப்பின் தேதியை நம்பினால், பிறப்பிக்கும் முன்பே ஒட்டிவிட்டார்கள்! அந்தச் சட்டத்தில் சிலைகளையும் பலிபீடங்களையும் அகற்றச் சொல்கிறார்கள். கோயில் கட்டடங்களைப் பொதுப் பயன்பாட்டுக்கு எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

ஒரே சட்டத்தைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள், ஆகவே யாரும் மதிக்கவில்லை என்று எழுதுவது

அவசர முடிவு. புது அதிகாரி கேட்டிருப்பார், வேறு மாகாணத்துக்கு வேண்டியிருந்திருக்கும்.

மிலான் ஆணை

கிறிஸ்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வழிபாட்டுச் சுதந்திரம் என்று பேரரசர்கள் கான்ஸ்டான்டைனும் லிசினியுஸும் மிலானில் பேசி முடித்தார்கள், சரி. நம் கையில் இருப்பதோ லிசினியுஸ் ஆளுநருக்கு அனுப்பிய கடிதம். 313 ஜூன் 13இல் நிகொமீடியாவில் ஒட்டியது.

380ஆம் ஆண்டுச் சட்டம்

கிறிஸ்தவத்தை அரசு மதமாக்கியதாகச் சொல்லப்படும் சட்டம் இது. ஆனால் கான்ஸ்டான்டினோபிள் மக்களுக்கு எழுதியது. அதைச் சொல்லாமல் 'அரசு மதம்' என்று எழுதாதீர்கள்.

அம்புரோஸின் கடித எண்கள்

மிலான் ஆயர் அம்புரோஸின் கடிதங்களில் பழைய பதிப்பின் 17, 18தான் புதியதில் 72, 73. எந்தப் பதிப்பு என்று குறியுங்கள்.