"நல்லா இருக்கு தம்பி" என்பது ஆர்டர் இல்லை

புதிதாக ஆப் செய்கிறவர்கள் முதலில் ஏமாறுவது பாராட்டில்தான். நானும் ஏமாந்தேன். மளிகைக்கடைகளுக்காக ஒரு பில்லிங் ஆப்பை நண்பரோடு சேர்ந்து எட்டு மாதம் உட்கார்ந்து செய்தேன். காட்டிய இடமெல்லாம் "நல்லா இருக்கு தம்பி" என்றார்கள். வீடு தேடி வந்த பையனிடம் வேறென்ன சொல்வார்கள்?

ஒருநாள் சாயங்காலம் ஏழு மணிக்கு ஓர் அண்ணாச்சி கடையில் ஓரமாக நின்று பார்த்தேன். கல்லாவுக்கு முன்னால் ஆறேழு பேர். எங்கள் ஆப்போ ஒவ்வொரு பில்லுக்கும் முதலில் போன் நம்பர் கேட்டது. அண்ணாச்சி போனைக் கவிழ்த்து வைத்தார், காதில் செருகியிருந்த பேனாவை எடுத்தார், கிழித்த அட்டையில் கூட்டித் தொகையைச் சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். கூட்டம் கலைந்த பிறகுதான் கடன் நோட்டைப் பிரித்தார். யார் எவ்வளவு பாக்கி என்று தேடியே கால் மணி நேரம் போனது. அவருக்குத் தலைவலி பில் இல்லை, பாக்கி. அந்த ஓரத்தில் நான் எட்டு மாதம் முன்பே போய் நின்றிருக்க வேண்டும்.

1999-ல் அமெரிக்காவில் நிக் ஸ்வின்மர்ன் இணையத்தில் ஷூ விற்க நினைத்தபோது சரக்கு வாங்கிக் குவிக்கவில்லை. அக்கம்பக்கத்துக் கடைகளில் ஷூக்களைப் படமெடுத்துப் போட்டார். ஆர்டர் வந்தால் அதே கடையில் காசு கொடுத்து வாங்கி அனுப்பினார். லாபம் நிற்காத வேலைதான். ஆனால் போட்டுப் பார்க்காமலே ஷூ வாங்குவார்களா என்பது தெரிந்துவிட்டது. அதுதான் பிறகு ஸாப்போஸ் என்ற கம்பெனி ஆனது. 2009-ல் அமேசான் வாங்கியது.

ஜூசெரோ என்ற அமெரிக்கக் கம்பெனி இதற்கு நேர் எதிர். சுமார் 12 கோடி டாலர் முதலீடு, வைஃபை வைத்த ஜூஸ் மெஷின், 2016-ல் விலை 699 டாலர். அதற்கென்றே விற்ற பழப்பையைக் கையாலேயே பிழியலாம் என்று 2017 ஏப்ரலில் ப்ளூம்பெர்க் செய்தியாளர்கள் காட்டினார்கள். செப்டம்பரில் ஜூசெரோ கடையைக் கட்டிவிட்டது.

லோகோ, விசிட்டிங் கார்டு, ஆபீஸ் எல்லாம் மெதுவாக வரட்டும். விலை சொல்வதைத் தள்ளிப்போடுவதுதான் பெரிய தப்பு. இலவசம் என்றால் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. அதனால் எதுவும் தெரியவருவதும் இல்லை.

ஆப்பில் பாக்கிக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி அண்ணாச்சியிடம் போனேன். மாதம் 150 ரூபாய் என்றேன்.

"நூறுன்னா போட்டுக் குடு தம்பி."

எங்களிடம் பேரம் பேசிய முதல் ஆள் அவர்தான்.