அடுக்ககத்து ஜெனரேட்டர் புகையைக் குறைப்பது எப்படி?

மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும், குடியிருப்போர் சங்கத்துப் பொறுப்பாளர் ஒருவர் கீழே இறங்கி வந்து பத்து நிமிடம் புகைபோக்கியின் வாயைக் கவனிக்க வேண்டும். கிளம்பும்போது சற்றுக் கறுத்து, பிறகு தெளிந்துவிட்டால் கவலையில்லை. சூடேறிய பின்னும் கரும்புகை நீடித்தால் இன்ஜினுக்குக் காற்று போதவில்லை அல்லது லோடு (அது சுமக்கும் மின்சுமை) கூடிவிட்டது. நீலம் கலந்திருந்தால் ஆயில் எரிகிறது. வெண்புகை ஓயவில்லை என்றால் டீசல் எரியாமலே வெளியேறுகிறது அல்லது இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் உள்ளே கசிகிறது.

அடுத்து லோடைப் பார்க்க வேண்டும். பெரும்பாலோர் கோட்டைவிடுவது இங்கேதான். முழுத்திறனில் 30 சதவீதத்துக்கும் குறைவான லோடில் நெடுநேரம் ஓடும் டீசல் இன்ஜினில் எரிவறை போதிய சூட்டை எட்டுவதில்லை. அரைகுறையாக எரிந்த டீசல் கரியோடு கலந்து பசையாகக் குழாயில் படிகிறது. எங்கள் குடியிருப்பில் சைலன்சர் இணைப்பில் தார்போல் வழிந்த அந்தப் பசையை, ஆயில் கசிவு என்று நினைத்து இரண்டு ஆண்டுகள் துணியால் துடைத்துக்கொண்டிருந்தோம். 100 கேவிஏ (ஜெனரேட்டரின் மின்திறனைக் குறிக்கும் அலகு) ஜெனரேட்டர் 415 வோல்ட்டில் ஒரு ஃபேஸுக்கு ஏறத்தாழ 139 ஆம்பியர் தரும். பேனலில் எப்போதும் அதில் 30 சதவீதமான 42 ஆம்பியருக்குக் கீழேயே காட்டினால் இயந்திரம் தேவைக்கு மீறிப் பெரியது என்று பொருள். வாரந்தோறும் லோடே இல்லாமல் கால்மணி நேரம் ஓட்டிப் பார்க்கும் வழக்கத்தை விட்டு, தண்ணீர் மோட்டாரையும் லிஃப்டையும் ஜெனரேட்டருக்கு மாற்றிச் சோதிப்பது நல்லது. ஒவ்வொரு முறையும் ஆம்பியர் அளவைக் குறிப்பேட்டில் எழுதி வைக்கவும்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் (சி.பி.சி.பி.) கணக்குப்படி, ஜெனரேட்டர் நிற்கும் கட்டடத்தின் உயரத்தோடு, கேவிஏ எண்ணின் வர்க்கமூலத்தை 0.2ஆல் பெருக்கி வரும் மீட்டரைக் கூட்டினால் புகைபோக்கிக்கு வேண்டிய குறைந்தபட்ச உயரம் கிடைக்கும். 12 மீட்டர் கட்டடத்தில் 100 கேவிஏ இயந்திரம் என்றால் 14 மீட்டர். முதல் மாடிப் பால்கனிக்கு நேரே முடியும் குழாய் இந்தக் கணக்கில் தேறாது. கொடியில் காயும் வெள்ளை வேட்டியில் விரலை வைத்தாலே அது தெரியும். டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்குவதென உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் வகைப்படுத்தியிருப்பதால், இதை வெறும் அழுக்குப் பிரச்சினையாக ஒதுக்க முடியாது. குழாயை நீட்டும்போது வளைவுகளைக் குறைத்து, தயாரிப்பாளர் சொல்லும் விட்டத்தைக் கேட்டு அமைக்க வேண்டும். இல்லாவிட்டால் புகை வெளியேறத் திணறி இன்ஜினையே அழுத்தும்.

ஏர் ஃபில்டர், டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஆகியவற்றின் பராமரிப்பை ஆண்டு ஒப்பந்தக்காரரிடம் விடலாம். கழற்றிய பழைய ஃபில்டரை மட்டும் கண்ணால் பார்த்துவிட்டுக் கையெழுத்திடவும்.

புதிதாக வாங்குவதானால், 2023 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சி.பி.சி.பி. 4 பிளஸ் புகைக் கட்டுப்பாட்டுத் தரத்துக்கு உட்பட்டதா என்று பெயர்த்தகட்டில் பார்க்க வேண்டும். பொது விளக்குகளையும் சிசிடிவியையும் பேட்டரி இன்வெர்ட்டருக்கு மாற்றிவிட்டால் இன்னும் சிறிய இயந்திரமே போதுமானதாக இருக்கலாம். "பின்னால் உதவும்" என்று விற்பனையாளர் ஒரு படி பெரியதைக் காட்டும்போது, ஆம்பியர் எழுதிய குறிப்பேட்டை அவர்முன் விரித்து வைத்துப் பேசவும்.