பெட்டி எங்கே, நீங்கள் எங்கே: கொயோட்டிக்கு உட்காரும் முறை

கொயோட்டி என்பது வட அமெரிக்காவின் காட்டு நாய், பார்க்க ஓநாய்க்கும் நரிக்கும் இடைப்பட்டது. அதன் வேட்டைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது அதை வரவழைக்கும் சத்தத்தைப் பற்றித்தான். முயல் அலறல் போடலாமா, ஆட்டுக்குட்டி கத்தல் போடலாமா, அதை ரிமோட்டில் போடும் ஸ்பீக்கர் பெட்டி எந்தக் கம்பெனியில் வாங்கலாம்? கேட்கட்டும். ஆனால் டெக்சாஸில் சான் ஏஞ்சலோவைச் சுற்றியுள்ள ஆட்டுப் பண்ணைகளில் நான் பார்த்த வரைக்கும், மலிவான பெட்டியைச் சரியான இடத்தில் வைத்தவனுக்குக் கொயோட்டி கிடைக்கிறது. விலை உயர்ந்ததைக் கண்ட இடத்தில் வைத்தவன் ஓடுகிற வாலைப் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறான்.

காரணம் அதன் மூக்கு. சத்தம் கேட்டதும் கொயோட்டி நேராகப் பெட்டிக்கு வருவது குறைவு. பெரும்பாலும் சுற்றிப் போய், பெட்டியைத் தாண்டி வரும் காற்றில் மூக்கை வைத்துப் பார்க்கும். முயல் வாசனை வருகிறதா, மனுஷ வாசனை வருகிறதா என்பதுதான் அதன் கேள்வி. அது எந்த இடத்தில் நின்று மோப்பம் பிடிக்கப் பார்க்கும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பெட்டியும் நீங்களும் உட்காருவது அதற்கு அப்புறம்.

ஒரு ஜனவரிக் காலையை எடுத்துக்கொள்வோம். குளிர்க்காற்று வடக்கிலிருந்து வருகிறது. சூரியன் முதுகில் இருக்க வேண்டும் என்பதால் மேற்கே பார்த்து உட்காருகிறேன். காற்று வலது கன்னத்தில் படுகிறது. பெட்டி எனக்கு வடமேற்கில், நாற்பது ஐம்பது கெஜம் தள்ளி. இப்போது பெட்டியின் காற்று தெற்கே போகும்போது என் முகத்துக்கு நேர் முன்னால், முப்பது முப்பத்தைந்து கெஜத்தில் கடக்கிறது. என் வாசனையோ எனக்கு இடதுபுறமாக, நேர் தெற்கே போகிறது. மேற்கிலிருந்து வரும் கொயோட்டி முதலில் பெட்டியின் காற்றைத்தான் தொடும், என் காற்றைத் தொட இன்னும் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் சுட்டாக வேண்டும்.

அது பெரிய வட்டமடித்து இன்னும் தெற்கே போனால்? வாசனை போகப் போக விசிறியாக விரியும், அங்கே என்னைக் கண்டுபிடித்துவிடும். அதனால் என் இடதுபுறம் வெட்டவெளியாக இருக்கும் இடமாகப் பார்த்துத்தான் உட்காருவேன். மேய்ச்சல் வெளி, பழைய மண்பாதை, வற்றிய குளத்தின் கரை எதுவானாலும் சரி, இருநூறு கெஜம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். காற்று போகும் பக்கம் அடர்ந்த புதர் என்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். கொயோட்டி வந்து மோப்பம் பிடித்துப் போய்விட்டது என்பதே உங்களுக்குத் தெரியாது.

வலது கைக்காரருக்கு இந்த அமைப்பில் இன்னொரு வசதி: துப்பாக்கியை இடதுபக்கம் திருப்புவது சுலபம், வலதுபக்கம் திருப்ப இடுப்பே முறுக்கிக்கொள்ளும். சாயங்காலம் அதே வடகாற்றில் கிழக்கே பார்த்து உட்கார்ந்தால் காற்று போகும் பக்கம் வலதில் வந்துவிடும். அப்போது உட்காரும்போதே உடம்பைத் தென்கிழக்கே திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். கொயோட்டி தெரிந்த பிறகு திரும்பலாம் என்று நினைக்காதீர்கள்.

என் மச்சான் முதல்முறை வந்தபோது, “எதுக்கு மாமா அவ்வளவு தூரம் நடக்கணும், பெட்டியைக் காலடியிலேயே வச்சுக்கிட்டா ரிமோட்டே தேவையில்லையே?” என்றான். சத்தம் வரும் இடத்தைத்தான் கொயோட்டி முறைத்துப் பார்த்துக்கொண்டே வரும், மச்சான். அந்தப் பார்வை உன் மேல் இருக்க வேண்டுமா, ஐம்பது கெஜம் தள்ளியிருக்கும் புதர் மேல் இருக்க வேண்டுமா?

பெட்டியைத் தரையில் வைக்காமல் முழங்கால் உயரத்தில் ஒரு கிளையில் மாட்டுங்கள், சத்தம் கூடுதல் தூரம் போகும். ஸ்பீக்கர் கொயோட்டி வரும் பக்கம் பார்க்கட்டும். வைக்கப் போகும்போது அது வரக்கூடிய பாதையில் குறுக்கே நடக்காதீர்கள், உங்கள் காலடி வாசனை அங்கேயே கிடக்கும். காற்றைப் பார்க்க ஒரு சின்னப் பிதுக்கு பாட்டிலில் கார்ன் ஃப்ளவர் போட்டு வைத்திருக்கிறேன். முகப்பவுடர் வேண்டாம், அதன் மணமே ஊரைக் கூட்டும்.

இந்த ஊரில் எங்கே பார்த்தாலும் மெஸ்கீட் மரம். நம்ம சீமைக்கருவேலத்தின் பங்காளி, முள்ளும் அப்படியே. அதன் பின்னால் ஒளியாதீர்கள். முன்னால், நிழலில், முதுகு ஒட்டி உட்காருங்கள். உருவம் மரத்தோடு கரைந்துவிடும், பார்வைக்கும் மறைப்பிருக்காது. உட்காருமுன் கீழே பாருங்கள்: சப்பாத்திக்கள்ளி முள் ஒன்று, வெயில் ஏறிய நாளில் கிலுகிலுப்பைப் பாம்பு இன்னொன்று. முகத்துக்கு வலை, கைக்கு உறை. உடம்பில் அதிகம் அசைவது அந்த இரண்டும்தான். துப்பாக்கி தாங்குகோலில் ஏறி, முனை கொயோட்டி வரவேண்டிய பக்கம் பார்த்தபடி இருக்க வேண்டும்.

வண்டியைப் பள்ளத்தில் மறைவாக நிறுத்துங்கள், கதவை அறையாதீர்கள், மேட்டின் உச்சியில் நடக்காதீர்கள். இதைப் பத்துப் பேரிடம் சொன்னால் ஒன்பது பேர் கதவை அறைகிறார்கள்.

முதல் நிமிடம் சத்தம் குறைவாக இருக்கட்டும், பக்கத்துப் புதரிலேயே ஒன்று படுத்திருக்கலாம். பிறகு ஏற்றுங்கள். கொயோட்டி தெரிந்ததும் அதன் தலையைக் கவனியுங்கள். காது பெட்டியை நோக்கி விறைத்திருக்கும், ஓட்டம் நடையாகும், மூக்கு ஒரு விரற்கடை மேலே தூக்கும். அந்த மூக்குத் தூக்கல்தான் கணக்கு. அதற்குமேல் விட்டால் அடுத்த அடியில் திரும்பிவிடும். நீங்கள் அசைவதென்றால் அதன் தலை புதருக்குப் பின்னால் போகும் நொடியில் மட்டும். ஓடிக்கொண்டே இருந்தால் வாயால் ஒரு குரைப்புக் குரைத்தால் பெரும்பாலும் நிற்கும். அதன் பின்னால் குண்டைத் தாங்க மண்மேடு இருந்தால் மட்டுமே சுடுங்கள், அடிவானத்தில் நிற்பதைச் சுடவே கூடாது.

இரண்டு பேர் என்றால் கிட்டத்தில் சுடும் ஷாட்கன் வைத்திருப்பவர் காற்று போகும் பக்கம், புதர் ஓரமாக. ரைஃபிள்காரர் வெளியைப் பார்த்து. யார் எந்தக் கோணம் வரை சுடலாம் என்பதை உட்காருமுன் கையைக் காட்டிப் பேசிவிடுங்கள்.

கொயோட்டிக்கு இருபது நிமிடம் போதும். காட்டுப்பூனையான பாப்கேட் நிழல் விட்டு நிழல் வரும்; அதற்கு நாற்பது நிமிடமாவது உட்கார வேண்டும். சாம்பல் நரி சட்டென்று வரும், பெட்டி இருபது கெஜத்தில் இருந்தாலே போதும்.

சட்டம் சுருக்கமாக: டெக்சாஸில் கொயோட்டிக்குச் சீசன் கிடையாது, ஆனால் வேட்டை லைசென்ஸும் நில உரிமையாளர் அனுமதியும் வேண்டும். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு வேட்டைப் பயிற்சியும் உண்டு. ஹெச்-1பி விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியைத் தொடுமுன் வழக்கறிஞரிடம் கேளுங்கள். அமெரிக்க மத்தியச் சட்டப்படி பொதுவாகத் தடை, வேட்டை லைசென்ஸ் அதற்கு ஒரு விதிவிலக்கு. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, ஊரில் நரிக்கு இதையெல்லாம் முயலாதீர்கள்.

சுட்டதும் எழுந்து ஓடாதீர்கள். ஜனவரி, பிப்ரவரியில் அவை ஜோடியாகத் திரியும். பெட்டியில் கொயோட்டிக் குட்டியின் அலறலைப் போட்டுவிட்டு இன்னும் ஐந்து நிமிடம் அப்படியே இருங்கள், இரண்டாவது பெரும்பாலும் முதலாவது வந்த வழியிலேயே வரும்.