மாடியில் ஷெட் போட ஆள் பார்க்கிறீர்களா? இந்தத் தவறுகளைப் பண்ணாதீர்கள்

பாளையங்கோட்டைப் பக்கம் இப்போது தெருவுக்கு நாலு வீட்டு மொட்டை மாடியில் கலர் ஷீட் ஷெட் நிற்கிறது. சாயங்காலம் நாற்காலி போட்டு உட்காரலாம், வத்தல் காயப்போடலாம், மழையில் துணி நனையாது, கீழே வீட்டுக்குள்ளும் வெக்கை கொஞ்சம் குறையும். நானும் போட்டேன், இரண்டு தடவை போட்டேன். முதல் தடவை போட்டது ஆடிக் காற்றுக்கு ஒரு மூலை தூக்கிக்கொண்டு, ராத்திரி முழுக்க தகரம் அடிக்கிற சத்தத்தில் தெருவே தூங்கவில்லை.

தப்பு என்னுடையதுதான். சொந்தக்காரர் ஒருத்தர் சொன்னார் என்று ஆளைக் கூப்பிட்டேன், சதுர அடிக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டேன். அவர் வந்து அளந்துவிட்டு, "நீங்க சும்மா இருங்க அண்ணாச்சி, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். நானும் சும்மா இருந்துவிட்டேன்.

ஷெட் கீழே விழுந்துவிடுமோ என்றுதான் எல்லாரும் பயப்படுகிறோம். உண்மையில் அது மேலே போய்விடாமல் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். ஒரு 600 சதுர அடி ஷெட்டுக்கு ஷீட் மட்டும் சுமார் 300 கிலோதான் வரும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கிற காற்று ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 17 கிலோ அழுத்தம் கொடுக்கும், 600 சதுர அடி என்றால் 55 சதுர மீட்டர், பெருக்கிப் பாருங்கள், 900 கிலோவைத் தாண்டும். அதில் பாதிதான் மேல்நோக்கித் தூக்குகிறது என்று வைத்தாலும் ஷீட்டின் எடையைவிட அதிகம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நாலு மடங்கு. பக்கவாட்டில் திறந்து கிடக்கும் ஷெட்டில் கீழே புகுந்தும் தூக்கும், மேலே இழுத்தும் தூக்கும். பணகுடி, வள்ளியூர் பக்கம் காற்றாலை வரிசையாக நிற்கிற ஊர்க்காரர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் ஆள் வந்ததும் முதலில் கேட்க வேண்டியது ரேட் இல்லை. "தூணை எதில் பிடிப்பீங்க?" என்று கேளுங்கள். நம் பக்கத்துப் பழைய மாடிகளில் கான்கிரீட்டுக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்த சுருக்கி மூணு நாலு இஞ்ச் இருக்கும், அதற்கு மேல் தட்டோடு. என் வீட்டில் முதலில் வந்தவர் தட்டோட்டின் மேலேயே இரும்புத் தகட்டை வைத்து, மூணு இஞ்ச் போல்ட்டை நாலு பக்கமும் இறக்கிவிட்டுப் போயிருந்தார். மூலை தூக்கின மறுநாள் ஒரு போல்ட்டைக் கையால் பிடித்து இழுத்தேன், ஆடுகிற பல் மாதிரி வந்துவிட்டது, நுனியில் செங்கல் பொடி. கான்கிரீட்டை அது தொடவே இல்லை. போதாததற்கு அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி, கீழே ஹால் சீலிங்கில் ஈரம்.

இரண்டாவது வந்தவர், வயதில் சின்னப் பையன், வந்ததும் கீழே வீட்டுக்குள் போய் பில்லர் எங்கெங்கே வருகிறது என்று பார்த்தார். பில்லருக்கு நேர் மேலே மட்டும் தட்டோட்டை உடைத்து, சுருக்கியை எடுத்து, கான்கிரீட்டில் தகட்டைப் பிடித்து, சுற்றிலும் சின்னதாகக் கான்கிரீட் பீடம் கட்டி, ஓரத்தைத் தண்ணீர் புகாமல் பூசினார். ரேட் கொஞ்சம் கூடத்தான்.

அடுத்தது பைப். "ரெண்டுக்கு ரெண்டு போடுதோம்" என்பார்கள், அதாவது இரண்டு இஞ்ச் சதுர பைப், ஆனால் தகட்டின் கனம் எவ்வளவு என்று சொல்ல மாட்டார்கள். 50 மில்லிமீட்டர் சதுர பைப் 20 அடி நீளம், 2 மில்லிமீட்டர் கனம் என்றால் ஏறக்குறைய 18 கிலோ இருக்கும். 1.6 என்றால் 15 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. 1.2 என்றால் 11 கிலோதான். பார்வைக்கு மூன்றும் ஒன்றுதான், பெயிண்ட் அடித்துவிட்டால் அவராலேயே கண்டுபிடிக்க முடியாது. இறக்கும்போது ஒரு பைப்பை இரும்புக் கடைத் தராசில் வைத்துப் பார்த்துவிடுங்கள், கூச்சப்பட ஒன்றும் இல்லை. ஷீட்டிலும் இதே கதை. 0.50 மில்லிமீட்டர் கனம் என்று சொன்னால், அது பெயிண்ட் சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள்.

புதிதாக முடித்த வேலையைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினால் நம்ப வேண்டாம், புதுசில் எல்லாமே பளபளப்புதான். 2023 டிசம்பர் மழைக்கு முன்னால் போட்டதைக் காட்டச் சொல்லி, அந்த வீட்டுக்காரரிடம் தனியாகப் பேசுங்கள், அந்த மழையில் எப்படி இருந்தது என்று கேளுங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டின மழை அது, அதில் ஒழுகாத ஷெட் என்றால் அவர் வேலையை நம்பலாம்.

பணம் விஷயம் தெரிந்ததுதான். பொருள் இறங்கும்போது கொஞ்சம், இரும்புச் சட்டம் நின்றதும் கொஞ்சம், மீதி ஒரு மழை பார்த்த பிறகு. அட்வான்ஸிலேயே முக்கால்வாசி கேட்கிறவர் போன வீட்டுக் கடனை அடைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதிக் கேட்டால் முகம் சுளிக்கிற ஆளும் வேண்டாம். மாடியை ஒட்டி கரண்ட் கம்பி போனால் வேலை தொடங்கும் முன்பே மின்வாரியத்தில் சொல்லுங்கள். வெல்டிங்குக்கு மீட்டரைத் தாண்டி நேரடியாக இழுக்க விடாதீர்கள், அபராதம் வீட்டுக்காரர் பெயரில்தான் வரும்.

வேலை முடிகிற அன்று நீங்களும் மேலே ஏறுங்கள். ஸ்க்ரூவுக்குக் கீழே இருக்கும் ரப்பர் வாஷர் நசுங்கிப் பிதுங்கியிருந்தால் அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறார்கள், அடுத்த கோடையில் வெடித்து அங்கேதான் ஒழுகும். துளை போட்ட இரும்புத் தூள் ஷீட் மேலேயே கிடக்கும், ஒரு ராத்திரிப் பனி பட்டால் போதும், விடிந்ததும் புள்ளிப் புள்ளியாகத் துரு. அந்தச் சின்னப் பையன் கிளம்புகிறதுக்கு முன்னால் எங்கள் வீட்டு விளக்குமாற்றைக் கேட்டு வாங்கி, ஷீட் முழுக்கக் கூட்டிவிட்டுத்தான் ஏணியில் இறங்கினார்.