மஸ்ட் நாட் வேறு, டோன்ட் ஹேவ் டு வேறு

‘யூ மஸ்ட் கோ’, ‘யூ ஹேவ் டு கோ’ இரண்டுக்குமே தமிழில் ‘நீ போக வேண்டும்’ என்றுதான் சொல்வோம். எதிர்மறைக்கு வரும்போதுதான் வம்பே. ‘யூ மஸ்ட் நாட் கோ’ என்றால் போகக் கூடாது, தடை. ‘யூ டோன்ட் ஹேவ் டு கோ’ என்றால் போகத் தேவையில்லை; விரும்பினால் போகலாம். நம்முடைய ‘போக வேண்டாம்’ இரண்டு பக்கமும் சாயும், குழப்பம் அங்கேதான். எழுதும் முன் கூடாதா, தேவையில்லையா என்று மனதுக்குள் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ட் என்ற 9 துணைவினைகளும் கொஞ்சம் பிடிவாதம் பிடித்தவை. ‘ஹி’ வந்தாலும் வடிவம் மாறாது, பின்னால் ‘டு’வும் வராது. ‘ஹி கேன்ஸ் டு ஸ்விம்’ தப்பு, ‘ஹி கேன் ஸ்விம்’ சரி. கேள்விக்கு இடம் மாற்றினால் போதும்: ‘கேன் ஹி ஸ்விம்?’ ‘ஹேவ் டு’ இந்தக் கூட்டத்தில் சேராது. அது சாதாரண வினை போலத்தான் நடக்கும்: ‘ஹி ஹேஸ் டு கோ’, ‘டஸ் ஹி ஹேவ் டு கோ?’