மடிக்கணினியில் வைஃபை வேகம் திரும்பிய விதம்: என் அனுபவம்

லினக்ஸ் நிறுவிய என் மடிக்கணினியில் வைஃபை வேகம் பல நாள்களாக நொண்டிக்கொண்டிருந்தது. அதே ரூட்டரில் கைப்பேசி தடையின்றி இயங்கியது. சேனலை மாற்றியதும், 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தாவியதும், வைஃபை வன்பொருளை இயக்கும் டிரைவரையும் லினக்ஸின் மையமான கெர்னலையும் புதுப்பித்ததும் பலன் தரவில்லை. துப்பு வேறிடத்தில் கிடைத்தது: ரூட்டருக்கு நொடிக்கு ஒரு பிங் (மறுமொழி வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் சிறு செய்தி) அனுப்பினால் மறுமொழி நேரம் தாறுமாறாக ஏறி இறங்கியது, நொடிக்கு ஐந்து வீதம் அனுப்பினாலோ சீராகிவிட்டது. அதாவது, தரவுப் போக்குவரத்து சற்று ஓய்ந்ததுமே வைஃபை அட்டை மின்சாரத்தை மிச்சப்படுத்த உறங்கப் போயிற்று.

வைஃபை அமைப்புகளை மாற்றும் ஐடபிள்யூ (iw) கட்டளையால் இந்த மின்சேமிப்பை நிறுத்தியதும் வேகம் திரும்பியது. ஆனால் இணைப்பு அறுந்து மீண்டும் சேர்ந்ததும் இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க்மேனேஜர் மென்பொருள் தன் அமைப்பையே திணித்தது. எனவே அதன் அமைப்புக் கோப்புகள் இருக்கும் கான்ஃப்.டி (conf.d) கோப்புறையில் ஒரு கோப்பை உருவாக்கி, கனெக்‌ஷன் (connection) பகுதியின் கீழ், மின்சேமிப்பைக் கட்டுப்படுத்தும் வைஃபை.பவர்சேவ் (wifi.powersave) மதிப்பை 2 என்று எழுதினேன். அணைப்பதற்கு 0 என்று எழுதத்தான் யாருக்கும் கை போகும். இங்கே 0 என்றால் இயல்புநிலை, 1 என்றால் இருப்பதைத் தொடாதே, 2 நிறுத்து, 3 இயக்கு. அக்கோப்புறையின் கோப்புகள் பெயர் வரிசையில் படிக்கப்படுவதால், 3 என்று சொல்லும் வேறொரு கோப்பு பின்னால் வந்தால் அதுவே வெல்லும். ஆகவே என் கோப்பின் பெயரை ‘இசட்’ எழுத்தில் தொடங்கினேன். நெட்வொர்க்மேனேஜரை மறுதொடக்கம் செய்ததிலிருந்து நிம்மதி; மின்கலம் சற்று விரைவாகத் தீர்வதைப் பொறுத்துக்கொள்ளலாம்.