பிரம்பு நாற்காலிக்கு வீட்டிலேயே பின்னல் போடுவது

போன வைகாசியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் டியூப் லைட் மாற்றுவதற்காக மாப்பிள்ளை என் அப்பாவின் பிரம்பு நாற்காலி மேல் ஏறி நின்றார். வேறு யாராவது ஏறியிருந்தால் தெருக்கோடி வரை கேட்கும்படி கத்தியிருப்பேன். மாப்பிள்ளை ஆயிற்றே, "பார்த்து நில்லுங்கள்" என்று மட்டும் சொன்னேன். சொல்லி வாய் மூடுவதற்குள் அவருடைய வலது கால் முழங்கால் வரை இருக்கைக்குள் போய்விட்டது. அவருக்குச் சிராய்ப்பு, நாற்காலிக்குப் பெரிய ஓட்டை. மஞ்சள் பற்றுப் போட்டு அவர் காலைச் சரிசெய்தாயிற்று. நாற்காலியைச் சரிசெய்ய எனக்கு மூன்று வாரம் ஆனது.

அப்பா மாயவரம் ஜங்ஷனில் டிக்கெட் கிளார்க்காக இருந்தவர். பணியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு அந்தத் தேக்கு நாற்காலியில்தான் காலையில் செய்தித்தாளும் மாலையில் வெற்றிலையுமாகக் காலம் கழித்தார். மரச்சாமான் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் காட்டினேன். "இதற்கெல்லாம் இப்போது ஆள் இல்லை அம்மா, பிளைவுட் அடித்து மேலே ஸ்பாஞ்ச் வைத்துத் தந்துவிடுகிறேன்" என்றார். சித்திரை வெயிலில் ஸ்பாஞ்ச் மேல் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு நான் ஏன் நாற்காலியைத் திருப்பித் தூக்கிக்கொண்டு வந்தேன் என்பது புரியும். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். துளைகளை எண்ணத் தெரிந்தால் போதும், இந்த வேலையில் பாதி வந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. மீதிப் பாதி எது என்பதை நாற்காலியே கற்றுக்கொடுத்தது.

முதலில் உங்கள் நாற்காலி எந்த வகை என்று பாருங்கள். இருக்கையைச் சுற்றியுள்ள மரச்சட்டத்தில் வரிசையாகத் துளைகள் இருந்தால் அது கையால் பின்னியது. துளைகள் இல்லாமல் சட்டத்தைச் சுற்றி ஒரு காடி மட்டும் ஓடினால், அது ஆயத்தமாகப் பின்னிய பிரம்புத் தட்டியை வாங்கிப் பசை போட்டு இறுக்கியது. அதற்கு வேலை குறைவு, வழி வேறு. நான் சொல்வது துளை உள்ள நாற்காலிக்கு.

பழைய பின்னலைப் பிய்த்து எறிந்துவிடாதீர்கள். ஓரமாகக் கத்தியால் சுற்றி அறுத்து, நடுப்பகுதியை அப்படியே தட்டியாக எடுத்துச் சுவரில் மாட்டி வையுங்கள். சந்தேகம் வரும்போதெல்லாம் அதுதான் உங்கள் வாத்தியார். மாப்பிள்ளையின் கால் போன இடம் தவிர எங்களுடையது நன்றாகவே இருந்தது. பிறகு துளைகளில் அடைத்துக்கொண்டிருக்கும் பழைய நார், தூசு, வார்னிஷ் எல்லாவற்றையும் கீழிருந்து மேலாக ஆணி வைத்துத் தட்டி வெளியேற்ற வேண்டும். மேலிருந்து தட்டினால் ஆணித்தலை மரத்தில் வடுப் போடும். துளையின் விளிம்பு கூராக இருந்தால் உப்புத்தாளைச் சுருட்டி உள்ளே விட்டுத் தேய்த்து மழுக்குங்கள். கூரான விளிம்பு இறுகிய நாரைச் சிறுகச் சிறுக அறுத்துவிடும். சட்டத்துக்கு மெருகு ஏற்றுவதாக இருந்தால் அதையும் இப்போதே முடித்துவிடுங்கள். பின்னிய பிறகு வார்னிஷ் பிரஷைக் கையில் எடுப்பது வம்பு.

நார் வாங்குவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பிரம்பு என்பது மரம் அல்ல, பனை இனத்தைச் சேர்ந்த கொடி. அதன் பளபளப்பான மேல்தோலை மெல்லிய பட்டையாக உரித்தது பின்னல் நார். உள்ளிருக்கும் தண்டைச் சீவி எடுக்கும் உருண்டை நார் கூடை முடைய உதவும், இருக்கைக்கு உதவாது. சீர்காழியிலிருந்து சிதம்பரம் போகும் வழியில் கொள்ளிடத்துக்குப் பக்கத்தில் தைக்கால் என்ற ஊர் வரும். சாலையோரமெங்கும் பிரம்பு ஊஞ்சலும் சோபாவும் தொங்கும். அங்கே ஒரு பட்டறையில் கேட்டு வாங்கினேன். என் நாற்காலியில் துளைக்குத் துளை அரை அங்குலம். அதற்கு இரண்டரை மில்லிமீட்டர் அகல நார் பொருத்தம். துளைகள் நெருக்கமாக இருந்தால் இன்னும் மெல்லியது வேண்டும், தள்ளியிருந்தால் அகலமானது. ஒரு சாதாரண நாற்காலிக்கு நூறு மீட்டர் பிடிக்கும். பிளாஸ்டிக் ஒயர் மலிவுதான், மழைக்கும் அஞ்சாது. ஆனால் அது காய்ந்து இறுகாது, முடிச்சு வழுக்கும். தேக்குச் சட்டத்தில் பிளாஸ்டிக் ஒயர் எனக்குப் பட்டுப்புடவைக்கு ரப்பர் செருப்புப் போட்ட மாதிரிதான் தெரிகிறது.

கருவிகள் என்று தனியாக எதுவும் வாங்கத் தேவையில்லை. கோணி ஊசி ஒன்று, கத்தரிக்கோல், சின்னக் குறடு, ஒரு வாளித் தண்ணீர். துளைகளில் செருகி நாரைப் பிடித்து நிறுத்த இருபது முளைகள் வேண்டும். நான் பேத்தியின் குட்டைப் பென்சில்களைச் சீவிக்கொண்டேன். அவள் ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுத்து, வேலை முடிந்ததும் எண்ணியே திருப்பி வாங்கிக்கொண்டாள்.

நாரைப் பதினைந்து இருபது நிமிடம் வெதுவெதுப்பான நீரில் ஊற வையுங்கள். இரவெல்லாம் ஊறவிட்டால் கறுத்துப்போகும். ஒரு நேரத்தில் இரண்டு மூன்று இழைகள் போதும். ஒன்றை எடுக்கும்போது இன்னொன்றை நீரில் போடுங்கள். நாரின் பளபளப்பான பக்கம் எப்போதும் மேலே இருக்க வேண்டும். துளைக்குள் நுழையும் இடத்தில் அது முறுக்கிக்கொண்டு கவிழப் பார்க்கும். அந்த ஒரு இடத்தில் விரலை எடுக்காதீர்கள்.

இனி எண்ணிக்கை. என் நாற்காலியில் மூலைத் துளைகளை விட்டுவிட்டு முன்பக்கம் 33 துளைகள், பின்பக்கம் 29. முன்பக்கத்தின் 17ஆவது துளையும் பின்பக்கத்தின் 15ஆவது துளையும் நடு. நாரைப் பின்பக்க நடுத் துளையில் மேலிருந்து ஒரு சாண் அளவு கீழே விட்டு, முளை செருகி, மேற்பக்கமாக முன்னே இழுத்து முன்பக்க நடுத் துளையில் கீழே இறக்குங்கள். அடியில் பக்கத்துத் துளை வழியாக மேலே எடுத்து மீண்டும் பின்னே கொண்டு போங்கள். இப்படியே நடுவிலிருந்து ஒரு பக்க ஓரம் வரை. பிறகு நடுவுக்குத் திரும்பி மறுபக்கம். பெரும்பாலான நாற்காலிகள் என்னுடையதைப் போல முன்னே அகன்றிருக்கும். ஆகவே முன்பக்கத்தில் பக்கத்துக்கு இரண்டு துளைகள் மிஞ்சும். அவற்றிலிருந்து கிளம்பும் நாரைப் பின்மூலையில் திணிக்காமல், மற்ற இழைகளுக்கு இணையாக எந்தப் பக்கவாட்டுத் துளை வருகிறதோ அதில் இறக்குங்கள். மூலைத் துளைகளை இப்போது தொடவே வேண்டாம்.

என்னுடைய பெரிய தவறு இந்தச் சுற்றில்தான் நடந்தது. வீணைத் தந்தி மாதிரி இறுக்கி இழுத்தேன், பார்க்க அவ்வளவு அழகு. நான்காம் சுற்றுக்கு வந்தபோது ஊசி நுழையவே இடமில்லை. வலிந்து நுழைத்ததில் இரண்டு இழைகள் பட்டென்று அறுந்தன. முழுவதையும் பிரித்தேன். முதல் சுற்று சற்றே தளர்வாக, விரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்கும்படி இருக்கட்டும். அடுத்தடுத்த சுற்றுகள் ஏறும்போதே அது தானாக இறுகிக்கொண்டு வரும், காயும்போது இன்னும் இறுகும்.

இரண்டாம் சுற்று எளிது. பக்கவாட்டுத் துளைகளில் இடமிருந்து வலமாக, முதல் சுற்றின் மேலேயே கிடத்திக்கொண்டு போக வேண்டியதுதான், பின்னல் எதுவும் கிடையாது. மூன்றாம் சுற்று மறுபடியும் பின்னிருந்து முன்னே, முதல் சுற்று போன அதே துளைகளில், ஆனால் இரண்டாம் சுற்றுக்கு மேலே. இந்த இழை முதல் இழைக்கு மேல் ஏறி உட்காராமல், ஒவ்வொரு இடத்திலும் அதற்கு வலப்பக்கமாகச் சற்றுத் தள்ளிப் படுக்க வேண்டும். இப்போது உங்களிடம் மூன்று அடுக்குகள் இருக்கும், ஓர் இடத்தில்கூடப் பின்னல் இருக்காது. வேலையே நடக்காதது போல் ஓர் எரிச்சல் வரும். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "கொசுவலை மாதிரி இருக்கிறதே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.

உண்மையான பின்னல் நான்காம் சுற்றில் தொடங்குகிறது. தறிக்காரர்கள் பாவுக்குள் ஊடை விடுவது போல. நாரின் நுனியைக் கோணி ஊசியின் காதில் கோத்துக்கொண்டு வலமிருந்து இடமாகப் போங்கள். மூன்றாம் சுற்று இழைக்கு மேலே, முதல் சுற்று இழைக்குக் கீழே. அடுத்த ஜோடியிலும் அதேதான். துளைகள் இரண்டாம் சுற்றுக்குரிய அதே துளைகள். இந்த இழை இரண்டாம் சுற்று இழைக்கு முன்பக்கமாகப் படுக்க வேண்டும். ஏழெட்டு ஜோடி கோத்த பிறகு நாரை மெதுவாக இழுங்கள். ஒரே மூச்சில் முழு நீளத்தையும் இழுத்தால் உராய்ந்து நார் மயிர் மயிராகச் சிலும்பும். நார் காய்ந்துபோனதாகத் தோன்றினால் ஈரத்துணியால் தடவுங்கள். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் இரண்டு முளைகளால் இழைகளை ஜோடி ஜோடியாக நெருக்கிவிடுங்கள். நான்காம் சுற்று முடியும்போது சின்னச் சின்னச் சதுரங்கள் தெரியும். இங்கே ஒரு நாள் ஓய்வு எடுப்பது நல்லது. எனக்கு இந்த ஒரு சுற்றுக்கே மூன்று மாலைகள் பிடித்தன, வலது ஆள்காட்டி விரலில் ஒரு கொப்புளமும் வந்தது.

மிச்சம் இருப்பவை இரண்டு கோணல் சுற்றுகள். பின்மூலைத் துளையிலிருந்து தொடங்கி எதிர்மூலையை நோக்கிச் சாய்வாகப் போங்கள். ஒரு கோணல் இழை நெடுக்கு ஜோடிகளுக்கு மேலேயும் குறுக்கு ஜோடிகளுக்குக் கீழேயும் போகும். எதிர்க்கோணல் இழை அப்படியே தலைகீழ். எந்தச் சாய்வுக்கு எது என்பதில்தான் குழப்பம் வரும். மனப்பாடம் செய்யத் தேவையில்லை, நாரே சொல்லிவிடும். சரியான வழியில் போனால் ஜோடிகள் சந்திக்கும் மூலையில் இழை வழுக்கிக்கொண்டு உள்ளே பதியும். தவறான வழியில் போனால் ஒவ்வொரு சந்திப்பிலும் தட்டி நிற்கும், முன்னும் பின்னும் இழுத்தால் கரகரவென்று உரசும். ஒரே ஓர் இழையை விட்டு இழுத்துப் பாருங்கள், உரசினால் மாற்றிவிடுங்கள். அப்படியே விட்டால் அந்த உராய்விலேயே சில வருஷங்களில் நார் அறுந்துபோகும்.

மூலைத் துளையில் இரண்டு கோணல் இழைகள் இறங்க வேண்டும். முன்பக்கம் அகன்ற நாற்காலியில் கோணல் இழைகள் சரியான துளைக்கு நேராக வந்து சேராது. சில துளைகளை விட்டுவிடவும் சிலவற்றில் இரட்டையாக இறக்கவும் நேரும். இடப்பக்கம் எந்தத் துளையில் என்ன செய்தோமோ அதையே வலப்பக்கமும் செய்தால் கண்ணுக்குக் குறை தெரியாது. நான் ஒரு தாளில் எண் போட்டு வைத்துக்கொண்டேன்.

பார்வையற்றவர்களுக்கான பயிற்சி நிலையங்களில் நெடுங்காலமாகக் கற்றுத்தரப்பட்டு வந்த தொழில் இது. கண் இல்லாமல் இதை எப்படிச் செய்வார்கள் என்று முன்பெல்லாம் வியந்திருக்கிறேன். கோணல் சுற்றில் ஒரு மாலை மின்சாரம் போய்விட்டது. சும்மா இருக்க மனமில்லாமல் விரலால் தடவித் தடவி நான்கு இழைகள் போட்டேன். விளக்கு வந்த பிறகு பார்த்தால், வெளிச்சத்தில் போட்ட இழைகளில் இரண்டு தப்பு, இருட்டில் போட்டதில் ஒன்றுகூட இல்லை.

நார் முனைகளை முடிவது அடிப்பக்கத்தில். பக்கத்துத் துளைகளுக்கு இடையே ஓடும் இழைக்கு அடியில் முனையை இரண்டு முறை சுற்றி, ஈரமாக இருக்கும்போதே குறடால் இறுக்கி, கால் அங்குலம் விட்டு வெட்டுங்கள். காய்ந்த முனையை மடக்கினால் முறியும். கடைசியில் சற்று அகலமான ஒரு பட்டையைத் துளைகளின் மேல் சுற்றிலும் கிடத்தி, ஒன்றுவிட்டு ஒரு துளையில் மெல்லிய நாரைக் கீழிருந்து மேலே கொண்டுவந்து பட்டையைத் தாண்டி அதே துளையில் இறக்கி இழுத்தால் துளைகள் மறைந்துவிடும். இந்த ஓரப்பட்டைக்கு நான் அவ்வளவு மெனக்கெடவில்லை, பின்பக்கத்தில் கொஞ்சம் கோணலாகத்தான் ஓடுகிறது. சாய்ந்து உட்கார்ந்தால் தெரியாது.

முடித்ததும் இரண்டு நாள் நிழலில் காய விடுங்கள், யாரையும் உட்கார விடாதீர்கள். காய்ந்த பின்னலை விரலால் தட்டினால் மிருதங்கத்தின் வலந்தலை மாதிரி நாதம் எழும்பும்.

வருஷங்கள் போய் இருக்கை தொய்ந்தால் உடனே பிரிக்க வேண்டாம். நாற்காலியைக் கவிழ்த்து, சுடுநீரில் நனைத்துப் பிழிந்த துணியை அடிப்பக்கத்தில் அரை மணி நேரம் போட்டு வையுங்கள். மேல்தோல் நீரை ஏற்காது, அடிப்பக்கம் உறிஞ்சும். பிறகு காயவிட்டால் தொய்வு ஏறக்குறைய போய்விடும். கோடையில் மாதம் ஒருமுறை அடியில் ஈரத்துணியால் துடைத்தாலே நார் மொரமொரத்து ஒடியாமல் இருக்கும். வெயிலில் மட்டும் போடாதீர்கள். ஒரே இடத்தில் முழங்காலை ஊன்றுவது, மாவுத் தூக்கை வைப்பது, மேலே ஏறுவது எல்லாம் கூடாது.

ஆவணியில் மாப்பிள்ளை வந்திருந்தார். வந்ததும் நாற்காலியைப் பார்த்தார், சுற்றி ஒருமுறை நடந்தார், பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். "உட்காருங்கள், அதற்குத்தானே பின்னியிருக்கிறேன்" என்று நான் இரண்டு முறை சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். கூடத்து டியூப் லைட் மறுபடியும் கண் சிமிட்ட ஆரம்பித்திருக்கிறது. அலுமினிய ஏணி ஒன்று வாங்கி மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறேன்.